காப்பர் டி போட்டபின் முதல் மூன்று மாதம்

"காப்பர் டி போட்டதுல இருந்து தீட்டு நிக்கவே மாட்டேங்குது, எடுத்துடலாமா?" இந்தக் கேள்வி பெரும்பாலும் போட்ட இரண்டாவது மாதத்தில்தான் வரும். போடும்போது இப்படி ஆகும் என்று யாராவது சொன்னார்களா என்று கேட்டால், இல்லை என்பார்கள். முதல் ஆறு மாதத்துக்குள் எடுக்கப்படும் பல காப்பர் டி-களில் பொருளில் எந்தக் கோளாறும் இருக்காது. எது சகஜம், எதற்கு மாத்திரை போதும், எதற்கு அன்றைக்கே ஓட வேண்டும் என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காப்பர் டி என்பது கரு தங்காமல் இருக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் சாதனம். முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். உள்ளங்கையில் வைத்தால் தீக்குச்சியைவிடச் சற்றுக் குட்டை: 36 மி.மீ. நீளம், 32 மி.மீ. அகலம். வளையக்கூடிய வெள்ளை பிளாஸ்டிக்கில் ஆங்கில 'டி' எழுத்து வடிவம். தண்டைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி, இரண்டு கைகளிலும் செம்புப் பட்டை. 'காப்பர் டி 380ஏ' என்ற பெயரில் உள்ள 380, இந்தச் செம்பின் பரப்பளவு, சதுர மி.மீ. கணக்கில். பிளாஸ்டிக்கில் பேரியம் சல்பேட் கலந்திருப்பதால் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். தண்டின் அடியில் ஒரு சின்ன உருண்டை, அதில் முடிச்சுப் போட்ட நைலான் மாதிரியான நூல். நூலின் இரண்டு நுனிகள் கர்ப்பப்பை வாய் வழியாக வெளியே நீண்டிருக்கும். செம்பு மெதுவாகக் கரைந்து விந்தணுவைச் செயலிழக்கச் செய்கிறது. முட்டையைச் சேர விடுவதில்லை. ஹார்மோன் துளியும் கிடையாது. அதனால் தாய்ப்பால் குறையாது, காப்பர் டி-யால் உடம்பு போடவும் செய்யாது.

அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைப்பது இரண்டு வகை. 380ஏ பத்து வருஷத்துக்கு. இன்னொன்று 375; அதன் கைகள் குதிரை லாடம்போல வளைந்து, ஓரத்தில் சின்னச் சின்ன முள் வைத்திருக்கும். அது ஐந்து வருஷத்துக்குத்தான். பெயரில் வித்தியாசம் வெறும் 5. 375 போட்டுக்கொண்டு 'பத்து வருஷம் இருக்கு' என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. போட்டதும் கையில் தரும் அட்டையில் எந்த வகை, எந்தத் தேதி, எந்த வருஷம் எடுக்க வேண்டும் என்ற மூன்றும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். அட்டையை செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

பாக்கெட்டுக்குள் செம்பு கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம். புளி போட்டுத் தேய்க்காத செம்புக் குடம் கறுப்பதுபோலத்தான் அது. பாக்கெட் கிழியாமல், காலாவதித் தேதி தாண்டாமல் இருந்தால் போதும்.

நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னமும் இதை 'லூப்' என்பார்கள். 1965-இல் இந்திய அரசு குடும்பக்கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கொண்டுவந்த லிப்பெஸ் லூப்பின் நினைவு அது. பாம்புபோல வளைந்த, செம்பில்லாத பிளாஸ்டிக். ரத்தப்போக்கும் வலியும் வந்த பெண்களைத் திரும்பப் பார்க்க ஆளில்லாமல் போனதால் அது பெயர் கெட்டது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற டால்கன் ஷீல்டு என்ற சாதனத்தின் கதை இன்னும் மோசம். அதன் வால் நூல் ஒற்றை இழையாக இல்லாமல், பல இழைகளை ஓர் உறைக்குள் வைத்ததாக இருந்தது. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல அந்த நூல் கிருமியைக் கர்ப்பப்பைக்குள் இழுத்தது. இன்றைய காப்பர் டி-யின் நூல் ஒற்றை இழை, உறிஞ்சாது. 'லூப் போட்டா புண்ணாகும்' என்று பாட்டி சொல்வதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். அந்தப் பயம் வேறொரு பொருளைப் பார்த்து வந்தது என்று அவருக்கு எடுத்துச் சொல்லலாம்.

போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சிலதான், ஆனால் ஒன்றையும் தாண்டிப் போகக்கூடாது. கர்ப்பம் இல்லை என்பது உறுதியாக வேண்டும். அதனால்தான் தீட்டு தொடங்கிய 12 நாளுக்குள் வரச் சொல்கிறார்கள். கர்ப்பம் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் எந்த நாளிலும் போடலாம். சீழ்போல வெள்ளைப்படுதல், காரணம் தெரியாத ரத்தப்போக்கு, கர்ப்பப்பையின் உட்குழியை நெளிக்கும் ஃபைப்ராய்டு கட்டி, இடுப்புப் பகுதியில் காசநோய் போன்றவை இருந்தால் போடக்கூடாது, அல்லது சரிசெய்த பிறகே போட வேண்டும். ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. காப்பர் டி தீட்டைக் கூட்டும் பொருள். 7, 8 என்று ஹீமோகுளோபின் இருப்பவர் முதலில் அந்த அளவைக் கூட்டிக்கொள்வதோ, பின்னால் சொல்லப்போகும் ஹார்மோன் வகையைத் தேர்ந்தெடுப்பதோ நல்லது என்பது என் கருத்து.

போடும்போது என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். டாக்டரோ நர்ஸோ முதலில் கையால் பரிசோதித்து, கர்ப்பப்பை முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா பின்பக்கமா என்று பார்ப்பார். இந்த இடத்தில் அவசரப்படக்கூடாது. சாய்வு தெரியாமல் கருவியை நேராக விட்டால் சுவரைக் குத்திவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பிறகு உள்ளே விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவியை வைத்து, கர்ப்பப்பை வாய்ப்பகுதியை அயோடின் மருந்தால் துடைத்து, ஒரு பிடிப்பான் கொண்டு கர்ப்பப்பை வாயை மெதுவாக இழுத்துப் பிடிப்பார். நறுக்கென்று ஒரு கிள்ளல் தெரியும். இழுத்துப் பிடித்தால்தான் வளைந்த பாதை நேராகும். அடுத்து 'சவுண்டு' என்ற மெல்லிய அளவுகோலை உள்ளே விட்டு ஆழம் பார்ப்பார். 6 முதல் 9 செ.மீ. வரை இருப்பது பொருத்தம். மாதவிடாய் வலிபோல ஒரு சுருட்டல் அப்போது வரும்.

அளந்த ஆழத்துக்கு ஏற்ப, காப்பர் டி-யின் குழாயில் உள்ள நீல வளையத்தை நகர்த்தி வைப்பார்கள். கைகள் இரண்டையும் மடக்கிக் குழாய்க்குள் நுழைப்பதைப் பாக்கெட்டுக்கு வெளியிலிருந்தே, பொருளைத் தொடாமல் செய்ய வேண்டும். மடக்கியபின் ஐந்து நிமிஷத்துக்குமேல் வைக்கக்கூடாது. வைத்தால் பிளாஸ்டிக் மடங்கின வாக்கிலேயே படிந்துபோய் உள்ளே சரியாக விரியாது. குழாயைக் கர்ப்பப்பையின் உச்சிவரை கொண்டுபோனதும் நடுவில் உள்ள கம்பியை அசையாமல் பிடித்துக்கொண்டு, குழாயை மட்டும் பின்னால் இழுக்க வேண்டும். அப்போது கைகள் விரியும். ஊசி போடுவதுபோலக் கம்பியை முன்னால் தள்ளினால் தப்பு. அது சுவரைத் துளைக்கலாம். உச்சிவரை போகாமல் பாதியிலேயே விரித்துவிட்டால், கீழே இறங்கி வந்து வெளியே விழுந்துவிடும். கடைசியில் நூலைக் கர்ப்பப்பை வாயிலிருந்து 3, 4 செ.மீ. விட்டு வெட்டுவார்கள். ரொம்பக் குட்டையாக வெட்டச் சொல்லாதீர்கள். குட்டை நூல் துடைப்பக் குச்சிபோல நிற்கும், கணவருக்குக் குத்தும். நீளமாக இருந்தால் சில நாளில் மெத்தென்று சுருண்டு ஒதுங்கிவிடும்.

எல்லாம் ஐந்து, பத்து நிமிஷம். சிலருக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். டக்கென்று எழாமல் கால் மணி நேரம் படுத்திருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பிரசவமே ஆகாதவர்களுக்கும், சிசேரியன் மட்டும் ஆனவர்களுக்கும் வலி கூடுதலாக இருக்கலாம். மரத்துப்போக லிக்னோகைன் ஊசியோ ஜெல்லோ உண்டு. வேண்டும் என்று கேட்கலாம். பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா என்று யாராவது சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். கணவரின் கையெழுத்து தேவையில்லை, உங்கள் சம்மதம் மட்டும்தான் வேண்டும்.

சம்மதம் என்றதும், பிரசவம் முடிந்த கையோடு போடுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நஞ்சு விழுந்த பத்து நிமிஷத்துக்குள்ளோ, சிசேரியனின்போதோ, 48 மணி நேரத்துக்குள்ளோ போடலாம். அந்த இரண்டு நாள் தாண்டினால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். வாய் திறந்தே இருப்பதால் போடும்போது தனியாக வலி தெரியாது. ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வர முடியாதவர்களுக்குப் பெரிய வசதி. ஆனால் இதைப் பற்றிக் கர்ப்பகாலச் செக்கப்பிலேயே பேசி முடிவெடுக்க வேண்டும். வலியில் துடிக்கும்போது 'போட்டுடவா?' என்று கேட்டு வாங்குவது சம்மதம் ஆகாது. டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: "எனக்கு காப்பர் டி போட்டிருக்கா?" டிஸ்சார்ஜ் சீட்டிலும் பாருங்கள். போட்டிருப்பதே தெரியாமல் வருஷக்கணக்கில் அடுத்த குழந்தைக்குக் காத்திருக்கும் நிலை எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாது. பிரசவத்தோடு போட்டது நழுவி விழும் வாய்ப்பும் அதிகம். இதில் நூலை வெட்டுவதில்லை. கர்ப்பப்பை சுருங்கச் சுருங்க நூல் தானாகக் கீழே இறங்கும். ஆறாவது வாரச் செக்கப்பில் நூல் தெரிகிறதா, வெட்ட வேண்டுமா என்று பார்ப்பார்கள். அந்தச் செக்கப்பை விடாதீர்கள்.

இனி அந்த மூன்று மாதம்.

போட்ட அன்றும் அடுத்த இரண்டு மூன்று நாளும் அடிவயிற்றில் சுருட்டலும் லேசான கசிவும் இருக்கும். அதன்பின் வரும் முதல் மூன்று நான்கு தீட்டு, வழக்கமானதைவிட ஒன்றரை மடங்கு அளவுக்குக் கூடுவது உண்டு. நாலு நாள் வந்தவருக்கு ஆறு நாள் வரலாம். இடையிடையே சொட்டுச் சொட்டாகக் கறை படலாம். வெள்ளைப்படுதலும் கொஞ்சம் கூடும். நாற்றமோ அரிப்போ இல்லாதவரை அதற்கு மருந்து வேண்டாம். பலருக்கு மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் இது அடங்கிவிடும். இதைத்தான் ஊரில் 'உடம்பு சூடு புடிச்சிருச்சு' என்பார்கள். உண்மையில், உள்ளே வந்த புதுப்பொருளுக்குக் கர்ப்பப்பைச் சவ்வு காட்டும் எதிர்வினை இது. மோரும் இளநீரும் குடிப்பதில் தவறில்லை, ஆனால் தீட்டு அதனால் குறையாது.

மாத்திரையால் குறையும். தீட்டு தொடங்கிய அன்றே இபுப்ரோஃபென் 400 மி.கி. சாப்பாட்டுக்குப்பின் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஐந்து நாள் வரை எடுத்தால் வலி, ரத்தம் இரண்டுமே குறையும். வலி உச்சத்துக்குப் போனபின் போடுவதைவிட ஆரம்பத்திலேயே போடுவதுதான் வேலை செய்யும். அல்சர், ஆஸ்துமா, கிட்னிப் பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஆஸ்பிரின் வேண்டாம், அது ரத்தப்போக்கைக் கூட்டும். இதற்கும் அடங்காவிட்டால் டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரையை டாக்டர் சில நாளுக்குத் தருவார். கூடவே இரும்புச்சத்து மாத்திரை; அதைக் காபி, டீயோடு விழுங்கினால் உடம்பில் சேராது, எலுமிச்சை ஜூஸோடு எடுங்கள்.

இதற்கெல்லாம் ஓர் எல்லை உண்டு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து முழுக்க நனைந்தால், தீட்டு எட்டு நாளைத் தாண்டினால், படியேறும்போது மூச்சு வாங்கினால், மாத்திரையை நம்பி வீட்டில் உட்காராதீர்கள். போட்ட முதல் மூன்று வாரத்தில் காய்ச்சலும், அடிவயிற்று வலியும், நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் சேர்ந்து வந்தால் அது தொற்று. அன்றைக்கே பார்க்க வேண்டும். தீட்டு நாள் தள்ளிப்போனாலும் கவனிக்க வேண்டும். காப்பர் டி தீட்டைத் தள்ளிப்போட வைக்காது. நாள் தள்ளினால் உடனே கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். போட்ட முதல் வருஷத்தில் நூறில் ஒருவருக்கும் குறைவாகத்தான் கரு தங்கும். ஆனால் தங்கினால், அது கருக்குழாயில் தங்கிய கருவா என்று ஸ்கேனில் பார்த்தே ஆக வேண்டும். நாள் தள்ளியபின் ஒரு பக்கமாகக் கடும் வலியும் மயக்கமும் வந்தால் நேரே அவசரப் பிரிவு.

அடுத்தது நூல். மாதம் ஒருமுறை, தீட்டு முடிந்ததும் பார்த்தால் போதும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குந்தி உட்கார்ந்து, நடுவிரலை உள்ளே பின்பக்கமாக விடுங்கள். விரல் நுனியில் மூக்கு நுனிபோல உருண்டையாக, சற்றே கெட்டியாக ஒன்று தட்டுப்படும். அதுதான் கர்ப்பப்பை வாய். அதன் நடுவிலிருந்து தூண்டில் நரம்புபோல மெல்லிய இழை தடவும். தொட்டுப் பார்ப்பதோடு சரி, இழுக்கக்கூடாது. முதல் முறையே சிக்காவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு மூன்று மாதத்தில் கை பழகிவிடும்.

நூலோடு கெட்டியாகக் குச்சி மாதிரி ஏதோ தட்டுப்பட்டாலோ, போன மாதத்தைவிட நூல் நீண்டிருந்தாலோ, காப்பர் டி பாதி இறங்கிவிட்டது என்று பொருள். அதை எடுத்து வேறு போட வேண்டும். அதுவரை ஆணுறை கட்டாயம். விழுவது பெரும்பாலும் முதல் சில மாதத்திலேயே நடக்கும். தீட்டோடு சேர்ந்து போய்விட்டால் தெரியாமலும் போகும். நாப்கினைச் சுருட்டிப் போடுமுன் ஒரு பார்வை பாருங்கள். மென்ஸ்ட்ருவல் கப் வைப்பவர்கள் அதன் அடியை அழுத்திக் காற்றை விட்ட பிறகே எடுக்க வேண்டும். அப்படியே இழுத்தால் உறிஞ்சும் வேகத்தில் காப்பர் டி-யும் நகர்ந்துவிடலாம்.

நூல் கிடைக்கவே இல்லை என்றால்? முதலில் கர்ப்பப் பரிசோதனை. பிறகு டாக்டர் ஸ்பெகுலம் வைத்துப் பார்ப்பார். பல நேரங்களில் நூல் கர்ப்பப்பையின் வாய்க்குழாய்க்குள் சுருண்டிருக்கும். சின்ன பிரஷ் விட்டுச் சுழற்றினால் வெளியே வந்துவிடும். வராவிட்டால் ஸ்கேன். கர்ப்பப்பைக்குள் சரியான இடத்தில் இருந்தால் நூல் தெரியாமலே அப்படியே விட்டுவிடலாம். ஸ்கேனிலும் இல்லை என்றால் வயிற்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டு 'எங்கயோ விழுந்திருக்கும்' என்று முடிவு கட்டக்கூடாது. ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்குப் போடும்போது சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போயிருக்கலாம். தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் போட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். அப்போது வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலம் எடுப்பார்கள். ஆனால் நெஞ்சுக்கு ஏறி இதயத்தில் குத்தும் என்று சொல்வது நடக்காத காரியம். குடம் தூக்கினாலும், நாற்று நட்டாலும், வண்டியில் குலுங்கினாலும் அது இடம் பெயராது.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'சற்றுக் கீழே இறங்கியிருக்கிறது' என்று போட்டிருந்தால் அதற்காகவே எடுத்துவிட அவசரப்பட வேண்டாம். வலியோ ரத்தப்போக்கோ இல்லாமல், இன்னும் கர்ப்பப்பைக்குள்ளேயே இருந்தால் அது வேலை செய்யும். எடுத்துவிட்டு வேறெதுவும் போடாமல் இருப்பதில்தான் கரு தங்கும் ஆபத்து அதிகம். வாய்க்குழாய்க்குள் இறங்கியிருந்தால் மாற்ற வேண்டும்.

ஆறு மாதம் ஆகியும் தீட்டு அடங்காதவர்களுக்கு ஹார்மோன் வகை இருக்கிறது. மிரீனா என்றால் பலருக்குத் தெரியும். அதில் செம்புக்குப் பதில் 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன். அதிலும் முதல் சில மாதம் சொட்டுக்கசிவு படுத்தும், ஆனால் போகப்போகத் தீட்டு குறைந்துகொண்டே வரும். ஒரு வருஷத்தில் ஐந்தில் ஒருவருக்கு நின்றேவிடும். கெட்ட ரத்தம் உள்ளே தேங்கவில்லை. சவ்வு வளராததால் உதிர ஒன்றுமில்லை, அவ்வளவுதான். அதிகத் தீட்டுக்கு இதையே மருந்தாகவும் போடுகிறார்கள். விலை அதிகம் என்பதுதான் குறை.

காப்பர் டி-க்கு இன்னொரு பயனும் உண்டு. பாதுகாப்பில்லாத உறவுக்குப்பின் ஐந்து நாளுக்குள் போட்டால் அவசரக் கருத்தடையாகவும் வேலை செய்யும், மாத்திரையைவிட உறுதியாக. தமிழ்நாட்டு மெடிக்கல் கடைகளில் அவசர மாத்திரை கேட்டால் பல இடங்களில் இல்லை என்றே பதில் வரும் நிலையில் இது நினைவில் இருக்கட்டும்.

எடுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 'இன்னும் காலம் இருக்கே' என்று யாரும் மறுக்க முடியாது. வேண்டாம் என்றால் வேண்டாம். எடுப்பது ஒரு நிமிஷ வேலை: நூலைப் பிடித்து மெதுவாக இழுத்தால் கைகள் மேல்நோக்கி மடங்கி வந்துவிடும். நூல் தெரியாவிட்டால் ஷிரோத்கர் ஹூக் போன்ற கொக்கியால் எடுப்பார்கள். வீட்டில் நீங்களே இழுக்காதீர்கள். கரு வேண்டும் என்பவர்களுக்கு அடுத்த சுற்றிலேயே தங்கலாம். வேண்டாம் என்பவர்கள், எடுப்பதற்கு முன் ஏழு நாள் உறவைத் தவிர்க்க வேண்டும், அல்லது ஆணுறை போட வேண்டும். உள்ளே தங்கியிருக்கும் விந்தணு சில நாள் உயிரோடு இருக்கும். காலம் முடிந்து மாற்றுகிறீர்கள் என்றால் பழையதை எடுத்த அதே நேரத்தில் புதியதைப் போட்டுவிடலாம், நடுவில் 'கர்ப்பப்பைக்கு ஓய்வு' தேவையில்லை.

எடுத்ததைக் குப்பையில் போடுமுன் காட்டச் சொல்லுங்கள். ஒரு தண்டு, இரண்டு கை, அடியில் உருண்டை எல்லாம் முழுதாக இருக்க வேண்டும். வருஷக்கணக்கில் உள்ளே இருந்ததில் ஒரு கை ஒடிந்து தங்கிவிடுவது அரிதாக நடக்கும். ஒரு கை குறைந்தால் அன்றைக்கே ஸ்கேன்.